வெயிலில் கிடந்த தண்ணீர்

செஞ்சியில் ராஜகிரிக் கோட்டை மலை ஏறப் போகிறவர்கள் தண்ணீரைக் கீழேயே வாங்கிக்கொள்ள வேண்டும். ஏறக்குறைய 800 அடி உயரம். மேலே கடை கிடையாது. சித்திரை வைகாசியில் 40 டிகிரி செல்சியஸ் வெயில் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. காலை பத்து மணிக்கே பாறை சுடத் தொடங்கிவிடும். கடை வாசலில் பாலிதீன் சுற்றிய தண்ணீர் பாட்டில் கட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். அதில் பாதி நிழலில், பாதி வெயிலில். வாங்க வருகிறவர், “வெளிய இருக்கிறது வேணாங்கண்ணா, உள்ளருந்து எடுத்துக் குடுங்க” என்பார். குளிர்ச்சிக்காக மட்டும் சொல்வதல்ல இது. வெயிலில் வைத்த பாட்டில் தண்ணீர் புற்றுநோய் தரும் என்று அவருடைய கைப்பேசிக்கு எத்தனையோ முறை செய்தி வந்திருக்கும். கூட வந்த பிள்ளை கட்டிலிருந்து ஒன்றை உருவப் போனால் கையைத் தட்டிவிடுகிற தாய்மாரும் உண்டு.

இந்த அச்சத்தைச் சிரித்து ஒதுக்குவது சரியல்ல. அதைக் கேள்வி கேட்காமல் நம்புவதும் சரியல்ல. அதில் பொய்யும் உண்டு, மெய்யும் உண்டு. மெய்யான பகுதியோ நாம் பயந்து ஒதுக்கும் ஒரு லிட்டர் பாட்டிலைவிட, பயமில்லாமல் அடுப்படிக்குள் வைத்திருக்கும் 20 லிட்டர் கேனோடும் அதற்குள் ஊற்றப்படும் தண்ணீரோடும்தான் அதிகம் சேர்ந்தது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதைத்தான்.

செஞ்சிக் கோட்டை தண்ணீரால் தாக்குப்பிடித்த கோட்டை. முகலாயப் படை 1690இல் தொடங்கிய முற்றுகை 1698 வரை இழுத்தது. அதற்கு அரசியல் காரணங்கள் பல உண்டென்றாலும், மலைக்குள்ளேயே சுனைகளும் குளங்களும் இல்லாமல் அத்தனை ஆண்டுகள் மராட்டியர் படை உள்ளே இருந்திருக்க முடியாது. சக்கரக்குளம், செட்டிக்குளம், ஆனைக்குளம் என்று பெயர் சொல்லியே காட்டலாம். கல்யாண மகாலுக்குச் சுடுமண் குழாய் வைத்துத் தண்ணீர் கொண்டுபோயிருக்கிறார்கள். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் 12ஐ யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி ஒன்றுதான். அந்தக் குளங்களைப் பார்க்க இன்று ஏறி வருகிறவர்கள் குடிப்பது, எங்கோ ஓர் ஆழ்துளைக் கிணற்றில் இறைத்து, சவ்வு வழியே வடிகட்டி, பாட்டிலில் அடைத்து, லாரியில் ஏற்றிவந்த தண்ணீர். அது எங்கெங்கே நின்றது, எத்தனை நாள் நின்றது என்று குடிக்கிறவருக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

வதந்தியின் பிறப்பைக் கொஞ்சம் பின்தொடர்ந்து போகலாம். 2001ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் ஐடஹோ பல்கலைக்கழகத்தில் ஒரு முதுகலை மாணவரின் ஆய்வேடு பாட்டில்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது பற்றிப் பேசியது. துறை வல்லுநர்கள் சரிபார்த்து இதழில் வெளியிட்ட ஆய்வு அல்ல அது. ஆனாலும் பாட்டிலிலிருந்து புற்றுநோய்ப் பொருள் கசிகிறது என்ற சேதியாக மின்னஞ்சல்களில் ஓடத் தொடங்கியது. அதன்பின் டயாக்சின் கதை வந்து சேர்ந்தது. காருக்குள் சூடான பாட்டிலிலும், உறைய வைத்த பாட்டிலிலும் டயாக்சின் உண்டாகிறது என்றும், இதைச் சொன்னது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் என்றும் எழுதியிருந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரப் பள்ளி 2004இல் அதை மறுக்க வேண்டியதாயிற்று. அங்கிருந்த ரோல்ஃப் ஹால்டன் என்ற அறிஞர் விளக்கியது எளிமையானது: இந்தப் பாட்டில்களில் டயாக்சின் இல்லை, குளிரவைத்தால் வேதிப்பொருள் கசிவது குறையுமே தவிரக் கூடாது. மறுப்பு அங்கேயே நின்றுவிட்டது. வதந்தி கடல் தாண்டி, மொழி மாறி, நம் குடும்பக் குழுக்களுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டது.

டயாக்சின் நிஜமான நஞ்சு. ஆனால் அது உருவாகக் குளோரின் வேண்டும், பெரும்பாலும் தீயும் வேண்டும். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கில் குளோரின் கிடையாது. குளோரின் இருப்பது பிவிசியில்: பழைய குழாய், மின்கம்பி உறை, கட்சிக்காரர்களும் கல்யாண வீட்டாரும் கட்டும் ஃபிளெக்ஸ் பேனர். இவற்றைக் குப்பையோடு சேர்த்து ஊர் ஓரத்தில் கொளுத்தும்போது எழும் புகையில்தான் டயாக்சின் இருக்கிறது. வெயிலில் வைத்த பாட்டிலைத் தொடப் பயப்படுகிற நாம், அந்தப் புகைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோவதோடு சரி. எனக்கு இந்த வதந்தியின் மேல் உள்ள முதல் கோபம் இதுதான்.

சரி, பெட் பாட்டிலிலிருந்து ஒன்றுமே கசியாதா? கசியும். பெட் தயாரிக்கும்போது ஆண்டிமனி ஆக்சைடை வினையூக்கியாகச் சேர்க்கிறார்கள். அதில் ஒரு துளி அளவு பிளாஸ்டிக்கிலேயே தங்கி, மெல்லத் தண்ணீருக்குள் இறங்கும். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஷாடிக் குழுவினர் 2006இல் இதை அளந்து காட்டினார்கள். மாசுபடாத நிலத்தடி நீரில் லிட்டருக்குச் சுமார் 2 நானோகிராம் இருந்த ஆண்டிமனி, பெட் பாட்டிலில் அடைத்த நீரில் சில நூறு நானோகிராமாக இருந்தது. நூறு மடங்கு என்று தலைப்புப் போட்டால் நெஞ்சு பதறும். ஆனால் அடைத்த குடிநீருக்கான நம் இந்தியத் தரநிலை அனுமதிக்கும் அளவு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம், அதாவது 5,000 நானோகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 20 மைக்ரோகிராம். நூறு மடங்கு கூடியும் அது எல்லையின் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே நிற்கிறது. மடங்கு கணக்கை மட்டும் சொல்லி, அளவுக் கணக்கை மறைத்துவிட்டால் எந்தச் செய்தியையும் பீதியாக்கிவிடலாம்.

வெயில் கேள்விக்கு நேரடியான விடை, நம்மைப் போலவே வெயிலில் வேகும் அரிசோனாவிலிருந்து வந்தது. 2008இல் அங்குள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தின் பால் வெஸ்டர்ஹாஃப் குழுவினர் கடையில் வாங்கிய பாட்டில்களை வெவ்வேறு சூட்டில் வைத்துப் பார்த்தார்கள். அறைச் சூட்டில் மூன்று மாதம் வைத்தும் ஆண்டிமனி பெரிதாகக் கூடவில்லை. அமெரிக்க எல்லையான 6 மைக்ரோகிராமைத் தொட, 60 டிகிரியில் இடைவிடாமல் 176 நாள் வேண்டும். 65 டிகிரியில் 38 நாள். 70 டிகிரியில் 12 நாள். 80 டிகிரியில் இரண்டு நாளுக்குச் சற்று மேல். சூடு கொஞ்சம் ஏறினாலும் நாள் எப்படிக் குறைகிறது என்று பாருங்கள். செஞ்சிக் கடை வாசலில் 40 டிகிரி வெயிலில் நிற்கும் பாட்டிலின் தண்ணீர், 50 டிகிரியை எட்டினாலும், இரவில் ஆறிவிடும். இரண்டு நாள் வெயிலில் இருந்த பாட்டில் தண்ணீரைக் குடித்தால் ஆண்டிமனி நஞ்சு ஏறாது. கண்ணாடி ஏற்றிய காரிலோ தகரக் கொட்டகையிலோ கோடை முழுவதும் கிடந்த பாட்டில் வேறு விஷயம். அதைத் தவிர்ப்பது நியாயமான எச்சரிக்கை. கொதிக்கிற ரசத்தையும் டீயையும் பெட் பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கிறார்களே, அதுவும் கூடாது. கட்டுகளை நிழலில் அடுக்குங்கள் என்று கடைக்காரரிடம் சொல்லவும் இந்த எண்களே போதும். புற்றுநோயைக் கூப்பிட வேண்டியதில்லை.

சூடான பாட்டிலைத் திறந்ததும் ஒரு பிளாஸ்டிக் வாடை வருமே, பலருடைய பயத்துக்கு அதுதான் சாட்சி. அது பெரும்பாலும் அசிட்டால்டிஹைடு என்ற பொருள். மிகச் சிறிய அளவிலேயே நாக்குக்கும் மூக்குக்கும் தெரிந்துவிடும். பழுத்த பழத்திலும் இருக்கும். வாடை வருகிறது என்றால் பாட்டில் நெடுநேரம் சூட்டில் இருந்திருக்கிறது என்று அறியலாம். நஞ்சு கலந்துவிட்டது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

இனி, செஞ்சிக்கு வடமேற்கே வேலூரில் நடந்த ஓர் ஆய்வு. தமிழ்நாட்டில் இதைப் பற்றி ஏன் இவ்வளவு குறைவாகப் பேசுகிறோம் என்பது எனக்குப் புரியாத ஒன்று. பெட் பாட்டிலில் தண்ணீரை நிரப்பி நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் படுக்க வைத்தால், வெயிலின் புற ஊதாக் கதிரும் சூடும் சேர்ந்து வயிற்றுப்போக்குக் கிருமிகளைக் கொல்லும். பெய்ரூட்டில் அஃப்டிம் ஆக்ரா என்ற பேராசிரியர் 1980வாக்கில் முன்வைத்த யோசனை இது. பின்னர் சுவிட்சர்லாந்தின் நீர் ஆய்வு நிறுவனமான ஏவாக் இதை வளர்த்தெடுத்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்காரர்கள் இதைக் குழந்தைகள் இருக்கும் வீடுகளில் சோதித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். 100 குழந்தைகளுக்கு வெயிலில் வைத்த பாட்டில் தண்ணீர்; அதே வயதில் 100 குழந்தைகள் ஒப்பீட்டுக்கு. பாட்டில் தண்ணீர் குடித்த குழந்தைக்கு ஆண்டுக்குச் சராசரியாக 1.7 முறை வயிற்றுப்போக்கு. மற்றக் குழந்தைக்கு 2.7 முறை. ஆபத்து 40 சதவீதம் குறைந்தது. அதுவும் அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் இடையிடையே வேறு தண்ணீரும் குடித்திருந்த நிலையில். எல்லா ஊரிலும் இதே பலன் கிடைத்துவிடவில்லை. பொலிவியாவில் நடந்து 2009இல் வெளியான பெரிய ஆய்வில் தெளிவான பயன் தெரியவில்லை. ஆனால் நம் ஊரில், நம் வெயிலில், நம் குழந்தைகளிடம் பார்த்தது இது. காய்ச்ச எரிவாயு இல்லாத, வடிகட்டி வாங்க வழியில்லாத வீட்டுத் தாய்க்கு, வெயிலும் பழைய பாட்டிலும் கைக்கெட்டிய மருந்து. ‘வெயிலில் வைத்த பாட்டில் விஷம்’ என்ற ஒற்றை வரி அவள் கையிலிருந்து பறிப்பது இதைத்தான்.

இனி கேனுக்கு வருவோம். செஞ்சியிலும் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் டீக்கடை, வங்கி, கல்யாண மண்டபம், வீடு என்று எங்கும் நிற்கிறதே, 20 லிட்டர் கேன். கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். நீலம் மங்கி வெளுத்திருக்கும். லாரித் தளத்தில் இழுத்து இழுத்து அடிப்பக்கம் சாம்பல் நிறக் கோடுகளாகக் கீறியிருக்கும். கழுத்தில் ஒட்டிய பழைய லேபிளின் பசை மேல் புது லேபிள். தயாரித்த தேதி மை அழிந்திருக்கும், அல்லது மூடியில் ஒரு எண் மட்டும் இருக்கும். அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண்: 1 என்றால் பெட், 7 என்றால் ‘மற்றவை’, கேன் விஷயத்தில் அது பெரும்பாலும் பாலிகார்பனேட். எத்தனை முறை பயன்படுத்தலாம் என்பதற்கான எண் அது என்று பலர் நம்புகிறார்கள். பிளாஸ்டிக் வகையைப் பிரித்தெடுக்க 1988இல் அமெரிக்கத் தொழில் சங்கம் கொண்டுவந்த குறி அது, அவ்வளவுதான்.

பிஸ்பீனால் ஏ என்ற பொருளுக்கு வீடு பாலிகார்பனேட்தான். பெட்டில் அதைச் சேர்ப்பதில்லை. உடலின் ஹார்மோன் வேலையில் தலையிடக்கூடிய பொருள் அது. ஹார்வர்டில் 2009இல் 77 மாணவர்களை ஒரு வாரம் பாலிகார்பனேட் பாட்டிலில் குளிர்ந்த பானம் குடிக்க வைத்துப் பார்த்தபோது, சிறுநீரில் பிஸ்பீனால் அளவு மூன்றில் இரண்டு பங்கு கூடியிருந்தது. சின்சினாட்டியில் 2008இல், கொதிநீர் பட்ட பாலிகார்பனேட்டிலிருந்து அது 55 மடங்கு வரை வேகமாகக் கசிந்ததைக் கண்டார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023 ஏப்ரலில், ஒருவர் ஒரு நாளில் உட்கொள்ளத் தகும் பிஸ்பீனால் அளவை உடல் எடையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமிலிருந்து 0.2 நானோகிராமாக, 20,000 மடங்கு குறைத்தது. இவ்வளவு குறைக்கச் சான்று போதாது என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் வாதிட்டது. அதன் கணக்கு ஆயிரம் மடங்கு தளர்வானது, ஆனால் அதுவும் பழைய எல்லையைவிட மிகக் கடுமையானது. 2024 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் உணவு தொடும் பொருள்களில் பிஸ்பீனால் ஏவுக்குத் தடை விதித்தது. பெரும்பாலான பொருள்களுக்குப் பதினெட்டு மாத அவகாசம் தந்தது. நம் நாட்டில் குழந்தைகளின் பால்புட்டிக்கான தர நிர்ணயம் இந்தக் கவலையை ஏற்று அந்தப் பொருளை விலக்கிவிட்டது. அந்தப் பால்புட்டியில் பால்மாவு கரைக்கும் தண்ணீர் வரும் கேனுக்கு அப்படி ஒரு தடை இல்லை. வெயிலில் சுட்டு, சூடான காரநீரில் கழுவி, கீறிக் கீறி, மறுபடி நிரப்பி வரும் பாத்திரம் அது. பயம் என்று ஒன்று இருந்தால் இங்கே இருக்க வேண்டும்.

அதற்கும் மேலாக, உள்ளே இருக்கும் தண்ணீர். 2003 பிப்ரவரியில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், டெல்லியில் 17, மும்பையில் 13 பாட்டில் தண்ணீர் வகைகளைச் சோதித்து, லிண்டேன், டிடிடி, மாலத்தியான், குளோர்பைரிபாஸ் ஆகிய பூச்சிமருந்துகள் இருப்பதாக அறிவித்தது. நாடே அதிர்ந்தது. அந்த மருந்துகள் பாட்டிலிலிருந்து வரவில்லை. ஆலைகள் இறைத்த நிலத்தடி நீரிலிருந்து வந்தன. அந்த அதிர்ச்சியால் நல்லது நடந்தது: தரநிலை திருத்தப்பட்டு, தனிப் பூச்சிக்கொல்லி லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமும் மொத்தம் 0.5 மைக்ரோகிராமும் தாண்டக் கூடாது என்ற விதி 2004 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆதாரத்தை மேசையில் வைத்து எழுப்பிய பீதி சட்டத்தை மாற்றியது. அனுப்பியவர் பெயரில்லாத பீதி இருபது ஆண்டாக எதையும் மாற்றவில்லை. நெல் மூட்டை குவியும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் உள்ள செஞ்சி போன்ற ஊரில், வயல்களுக்கு நடுவே தோண்டிய ஆழ்துளைக் கிணற்று நீரைப் பற்றி இந்தக் கேள்வி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

கிருமி அதைவிட அவசரமான விஷயம். 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவிப் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கும் நிலை வந்தது. குழாய்த் தண்ணீரின் மேல் இப்படி நம்பிக்கை போகப் போகத்தான் கேன் வீட்டுக்குள் வந்தது. அந்தக் கேனும் எல்லா இடத்திலும் ஒழுங்காக வரவில்லை. உரிமமின்றி நிலத்தடி நீர் எடுக்கும் ஆலைகளை மூட 2020 தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோதுதான் எத்தனை ஆலைகள் உரிமமே இல்லாமல் ஓடின என்பது ஊருக்குத் தெரிந்தது. அடைத்த குடிநீருக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்ற விதியை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் நீக்கிவிட்டு, நவம்பரில் அதே குடிநீரை மிகு ஆபத்து உணவுப் பட்டியலில் சேர்த்து, ஆண்டுதோறும் தணிக்கை வேண்டும் என்றது. முத்திரை பார்த்து வாங்கப் பழகிய மக்களுக்கு இந்த மாற்றத்தை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

நுண்பிளாஸ்டிக் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது, ஏனென்றால் அறிவியல் இன்னும் முடிவுக்கு வராத இடம் அது. 2018இல் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஷெர்ரி மேசன் இந்தியா உட்பட 9 நாடுகளில் வாங்கிய 259 பாட்டில்களைச் சோதித்தார். 93 சதவீதத்தில் துகள்கள். அவற்றில் பாதிக்கு மேல் பாலிப்ரொப்பிலீன், அதாவது மூடி செய்யும் பிளாஸ்டிக். மூடியைத் திருகும் உரசலே ஒரு மூலம் என்ற சந்தேகம் அங்கிருந்து வந்தது. 2024 ஜனவரியில் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் இன்னும் நுட்பமான கருவியால் பார்த்தபோது லிட்டருக்குச் சராசரி 2,40,000 துகள். பத்தில் ஒன்பது பங்கு நானோ அளவு. அதே ஆண்டு மார்ச்சில் இத்தாலிய மருத்துவர்கள், கழுத்துத் தமனி அடைப்பில் பிளாஸ்டிக் துகள் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவற்றின் வாய்ப்பு நாலரை மடங்காக இருந்ததைக் கண்டார்கள். தொடர்பு தெரிகிறது, பிளாஸ்டிக்தான் காரணமா என்பது தெரியவில்லை. அந்தத் துகள் தண்ணீரிலிருந்து வந்ததா என்பதும் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல், இப்போதைய அளவில் குடிநீர் நுண்பிளாஸ்டிக்கால் ஆபத்து இருப்பதாகத் தெரியவில்லை, ஆனால் ஆய்வுகள் போதாது என்றது. இன்றைக்கு நேர்மையாகச் சொல்லக்கூடியது இதைவிட அதிகமில்லை. நல்ல குழாய்த் தண்ணீர் கிடைக்கும் இடத்தில் எவர்சில்வர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போவதற்கு இந்தச் சந்தேகமே போதுமான காரணம். தாகத்தில் தவிக்கும் பிள்ளையின் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்க இது காரணமாகாது.

பெட் பாட்டில் பற்றிய இந்தக் குழப்பத்துக்கு அரசுத் தரப்பும் பங்களித்திருக்கிறது. குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகளுக்கான திரவ மருந்துகளைப் பெட் பாட்டிலில் அடைக்கத் தடை என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2014 செப்டம்பரில் வரைவு அறிவிப்பு வெளியிட்டது. பிறகு இதை ஆராய எம்.கே. பான் என்பவர் தலைமையில் குழு அமைந்தது. ஆபத்துக்கு உறுதியான சான்று இல்லை என்று 2016இல் கூறியது. தடை பற்றிய செய்தி ஊரெல்லாம் போனது. குழுவின் முடிவு ஊர் வரை வரவில்லை. நம் கிராமத்து மருந்துக்கடைக்காரரைக் கேட்டால் இன்றைக்கும் முதல் செய்திதான் தெரியும்.

புதிதாக ஒரு கேள்வியும் வாசலில் நிற்கிறது. 2025-26 முதல் கடினப் பிளாஸ்டிக் பொதிகளில் குறைந்தது 30 சதவீதம் மறுசுழற்சிப் பிளாஸ்டிக் இருக்க வேண்டும் என்பது பிளாஸ்டிக் கழிவு விதி. மலையடிவாரத்தில் நசுங்கிக் கிடக்கும் பாட்டிலுக்கு அது நல்ல கதி. ஆனால் மறுசுழற்சிக்கு வரும் பாட்டிலில் முன்பு மண்ணெண்ணெய் இருந்ததா, பூச்சிமருந்து இருந்ததா என்பதைச் சலித்தெடுக்கும் ஆலை வேண்டும், சோதனை வேண்டும். அது பற்றி இப்போதே பேசாவிட்டால், ஐந்தாண்டு கழித்து அதற்கும் ஒரு வதந்தி வரும்; அந்த வதந்தி ஒருவேளை உண்மையாகவும் இருக்கும்.

கிண்டி, சேலம், தஞ்சாவூர் என்று தமிழ்நாட்டில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் இருக்கின்றன. செஞ்சிக் கோட்டை வாசலில் விற்கும் பாட்டிலையும், காந்தி பஜார்க் கடைக்கு வரும் கேனையும் மே மாத வெயிலில் எடுத்துப்போய்ச் சோதிக்கட்டும். ஆண்டிமனி எவ்வளவு, பிஸ்பீனால் எவ்வளவு, பூச்சிமருந்து எவ்வளவு, கிருமி எவ்வளவு, எல்லை எவ்வளவு என்று ஒரே தாளில் தமிழில் அச்சிட்டு, பேருந்து நிலையத்திலும் கோட்டையின் நுழைவுச்சீட்டுக் கூண்டிலும் ஒட்டட்டும். அடுத்த கோடையில் மறுபடியும் சோதித்து, பழைய தாளுக்குப் பக்கத்தில் புதிய தாளை ஒட்டட்டும்.